விலை மறைந்த கடற்கரை

ஜமைக்காத் தீவின் வடமேற்குக் கரையிலுள்ள மான்டிகோ பே நகரத்து விமான நிலையத்தில் வந்திறங்குகிற ஓர் அமெரிக்கத் தம்பதி, சுங்கச் சோதனையைத் தாண்டியதும் தாங்கள் தங்கவிருக்கும் விடுதியின் பெயர் பொறித்த தனிக் கூடத்தில் அமர்த்தப்பட்டு, குளிர்ந்த பானம் அருந்தி, விடுதியின் பேருந்தில் ஏறி, விடுதியின் வாசலிலேயே இறங்கி, ஒரு வாரம் கழித்து அதே பேருந்தில் அதே நிலையத்துக்குத் திரும்பும் வரையில், அந்நாட்டு நாணயம் ஒன்றையேனும் கண்ணால் காணாமலே காலத்தைக் கழித்துவிடலாம். அவர்கள் உண்ணும் உணவுக்கும், அருந்தும் மதுவுக்கும், ஏறிச் செல்லும் படகுக்கும், இரவில் கேட்கும் இன்னிசைக்கும் உரிய கிரயம் முழுவதும் மாதங்களுக்கு முன்பே அவர்களுடைய ஊரில், அவர்களுடைய வங்கிக் கணக்கிலிருந்து கழிந்து போயிருக்கும். இத்தகைய தம்பதியர் விடுதிகளின் மதிலுக்குள் சிறுவர் எவருக்கும் அனுமதி இல்லை. தனியாக வருபவருக்கும் பெரும்பாலான இடங்களில் அனுமதி இல்லை. வயது வந்த இருவர் இருவராகவே அங்கு ஜனங்கள் உலவுவர்.

உல்லாசப் பிரயாணம் ஆராய்ச்சிக்குரிய பொருள்தானா என்று ஐயுறுகிறவர்கள் நம்மிடையே உண்டு. க்ஷேத்திர யாத்திரைக்குச் சரித்திரம் எழுதலாம், வாணிகப் பாதைகளுக்கு எழுதலாம், இரண்டு பேர் ஏழு நாள் வெயிலில் படுத்துக் கிடந்ததற்கு என்ன சரித்திரம் வேண்டிக் கிடக்கிறது என்பது அவர்கள் கேள்வி. முப்பது லட்சத்துக்கும் குறைந்த ஜனத்தொகையுடைய ஒரு நாட்டுக்கு ஆண்டுதோறும் நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட அந்நியர் வந்து போகிறார்கள் என்றால், அந்த வெயிலில் படுத்துக் கிடத்தலே அந்நாட்டின் பிரதான தொழில்களுள் ஒன்று என்பதும், அதற்கென்று ஒரு கணக்கும் ஒரு சட்டமும் ஓர் அரசியலும் இருந்தே தீரும் என்பதும் விளங்கும். அவற்றுள் புகுந்து பார்த்தால், விலையை விருந்தினரின் கண்ணிலிருந்து மறைப்பதும் ஊரை அவர் கண்ணிலிருந்து மறைப்பதும் வெவ்வேறு காரியங்கள் அல்ல என்று தெரிய வரும். இக்கட்டுரை நிறுவ விழைவது அதைத்தான்.

விலையை மறைக்கும் வித்தை ஐரோப்பாவில் பிறந்தது. 1936-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஸ்கெக்னெஸ் என்னும் இடத்தில் பில்லி பட்லின் என்பவர் ஒரு விடுமுறை முகாமைத் திறந்தார். பருவத்துக்குத் தக்கபடி வாரத்துக்கு முப்பத்தைந்து ஷில்லிங் முதல் மூன்று பவுன் வரையில் ஒரே கட்டணம். அதற்குள் மூன்று வேளை உணவும் எல்லாக் கேளிக்கைகளும் அடக்கம். ஒரு வாரக் கூலிக்கு ஒரு வார விடுமுறை என்பது அவர் செய்த விளம்பரம். தொழிலாளியின் அச்சம் அவருக்குத் தெரிந்திருந்தது: பிள்ளை குட்டிகளோடு கடற்கரைக்குப் போய், ஒவ்வொரு ராட்டினத்துக்கும் ஒவ்வொரு குவளைத் தேநீருக்கும் தனித்தனியே காசு கொடுத்து, மூன்றாம் நாளே கைப்பணம் தீர்ந்துவிடுமோ என்கிற அச்சம். மொத்தமாக ஒரு தொகை என்றால் அந்த அச்சம் போயிற்று. ஏழைகளின் பொருட்டுக் கண்ட உபாயம் பிற்காலத்தில் வசதியுள்ளவர்களின் உல்லாசத்துக்குப் பயன்பட்டது என்பது இக்கதையின் விசித்திரங்களுள் ஒன்று.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பின், பெல்ஜியத்தைச் சேர்ந்தவரும் நீர்ப்பந்தாட்ட வீரருமான ஜெரார் பிளிட்ஸ் என்பவர் 1950-இல் கிளப் மெட் என்னும் சங்கத்தைத் தொடங்கி, மயோர்க்கா தீவின் அல்கூதியா என்னும் கரையில் அதன் முதல் கிராமத்தை அமைத்தார். வந்தவர்கள் உறங்கியது கூடாரங்களில். கூடாரங்களைக் கொடுத்துதவிய திரிகானோ குடும்பத்தின் ஜில்பேர் திரிகானோ பின்னாளில் அந்த ஸ்தாபனத்துக்கே தலைவரானார். அதன் கிராமங்களில் உணவுக்குக் காசில்லை. பாரில் அருந்தும் மதுவுக்கு மட்டும் விலை உண்டு. குளிக்கும் உடையில் பணப்பை வைக்க இடமேது? ஆகையால் வந்தவர்கள் பணத்தை முன்கூட்டியே கொடுத்து வண்ண மணிகளாக மாற்றிக் கழுத்தில் சரமாக அணிந்துகொண்டு, குவளைக்கு இத்தனை மணி என்று கழற்றிக் கொடுத்தார்கள். மணியும் பணந்தான், ஆனால் பார்வைக்கு அது ஆபரணம். கொடுக்கிறவனுக்கு வலி தெரியாமல் பணத்தைப் பெற்றுக்கொள்ள இதைக் காட்டிலும் நயமான வழி ஒன்று அதுவரையில் காணப்படவில்லை என்றே சொல்லலாம்.

சிறுவரையும் தனியரையும் விலக்கித் தம்பதியரை மட்டும் வரவேற்கிற வழக்கம் இன்னொரு மூலத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில் போகோனோ என்றொரு மலைப்பிரதேசம் உண்டு. யுத்தத்திலிருந்து திரும்பிய போர்வீரர்கள் திரள் திரளாக விவாகம் செய்துகொண்ட 1945-ஆம் ஆண்டில், ருடால்ஃப் வான் ஹோவன்பெர்க் என்பவர் அங்கே தேனிலவுத் தம்பதியருக்கென்றே ஒரு விடுதியை ஏற்படுத்தினார். மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். 1960-களின் தொடக்கத்தில், கோவ் ஹேவன் என்னும் விடுதியின் சொந்தக்காரர்களில் ஒருவரும் மின்சார வேலை தெரிந்தவருமான மாரிஸ் வில்கின்ஸ், இதய வடிவத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு குளியல் தொட்டியைக் கட்டினார். 1971-இல் அதன் படம் லைஃப் பத்திரிகையில் வெளிவந்த பிறகு தேசம் முழுவதும் அதன் கீர்த்தி பரவியது. ரசிகர்கள் முகம் சுளிக்கலாம். எனக்கும் அந்தத் தொட்டியின் சௌந்தரியத்தில் நம்பிக்கை இல்லை. ஆயினும் தம்பதியரின் அந்தரங்கத்தையே ஒரு சரக்காக வகுத்து, அதற்கு இடையூறான யாவரையும் வாசலிலேயே நிறுத்துவது ஒரு வியாபாரமாகும் என்று கண்டுகொண்டது அந்த மலைநாடுதான். ஜெட் விமானங்கள் மலிந்து, நியூயார்க்கிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் கரீபியக் கடலை எட்டலாம் என்று ஆனபோது, அந்த மலைவாசத்தின் மவுசு குறைந்தது.

இவ்விரண்டு ஓடைகளும் கலந்த இடம் ஜமைக்கா. அது கலந்த காலத்தைக் கவனிக்க வேண்டும்.

பாலஸ்தீனத்துப் பெத்லஹேமிலிருந்து குடியேறிய ஈஸா குடும்பத்தின் ஆபே ஈஸா, ஓச்சோ ரியோஸ் நகருக்கு அருகில் டவர் ஐல் என்னும் ஹோட்டலை 1949-இல் திறந்தார். அக்காலத்தில் தீவுக்கு வந்தவர்கள் குளிர்காலத்துத் தனவந்தர்கள். கோடையில் ஹோட்டல்கள் காற்று வாங்கும். 1960-களில் வடகிழக்குக் கரையில் ஃப்ரெஞ்ச்மன்ஸ் கோவ் என்றொரு விடுதி, மது உட்பட எல்லாவற்றையும் ஒரே பெருந்தொகைக்குள் அடக்கி, கோடீசுவரர்களின் வாசஸ்தலமாகப் புகழ் பெற்றிருந்தது. இவை விதைகள், முளைத்ததற்குக் காரணம் 1970-களின் கொந்தளிப்பு.

1972-இல் மைக்கேல் மேன்லி பிரதமரானார். ஜனநாயக சோஷலிஸம் என்று அவர் பிரகடனம் செய்த கொள்கையும், கியூபாவோடு அவர் கொண்ட நட்பும் அமெரிக்கப் பத்திரிகைகளுக்குப் பிடிக்கவில்லை. எண்ணெய் விலை ஏறிற்று. அந்நியச் செலாவணி வற்றிற்று. தலைநகர் கிங்ஸ்டனின் சேரிகளில் இரண்டு கட்சிகளின் ஆட்கள் துப்பாக்கியோடு மோதினார்கள். 1976 ஜூனில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 1980-ஆம் ஆண்டுத் தேர்தலை ஒட்டி எண்ணூறு பேருக்கு மேல் மடிந்தார்கள். இந்தக் கலவரங்களில் பெரும்பாலானவை தலைநகரில் நிகழ்ந்தவை. வடகரையின் கடற்கரைகளில் அலைதான் மோதிக்கொண்டிருந்தது. ஆனால் சிகாகோவில் பத்திரிகை படிப்பவனுக்குக் கிங்ஸ்டனுக்கும் நெக்ரில் கடற்கரைக்கும் உள்ள தூரம் தெரியுமா? ஹோட்டல் அறைகள் வெறிச்சோடின. தம்மிடம் இருப்பது கடற்கரை மட்டுமல்ல, தாம் ஒரு தேசம் என்று உலகுக்கு அறிவிக்கிற கருத்தில் அரசாங்கத்தின் சுற்றுலாத் துறை அப்போது ஒரு விளம்பரம் செய்தது. மானமுள்ள வார்த்தை. வியாபாரிகள் அதற்கு நேர் எதிரான முடிவுக்கு வந்தார்கள்: தேசத்தைக் காட்டினால் ஆள் வராது, கடற்கரையை மட்டும் காட்டினால் வரும்.

அதே ஈஸா குடும்பத்தைச் சேர்ந்த ஜான் ஈஸா 1976-இல் நெக்ரிலில் நெக்ரில் பீச் வில்லேஜ் என்னும் விடுதியை நடத்தத் தொடங்கினார்; அதுதான் பின்னர் ஹெடோனிஸம் என்று பெயர் மாறிப் பல வம்புகளுக்கு ஆளானது. 1978-இல் பழைய டவர் ஐல் ஹோட்டலே தம்பதியருக்கு மட்டும், எல்லாம் அடங்கிய ஒரே கட்டணத்தில் என்று புனர்ஜன்மம் எடுத்து, கப்பிள்ஸ் என்று பெயர் பூண்டது. மூன்றாண்டுகள் கழித்து, அறைகளைக் குளிரூட்டும் இயந்திரங்கள் விற்றுப் பொருளீட்டிய கார்டன் ஸ்டூவர்ட், ஊரார் வழக்கில் புட்ச் ஸ்டூவர்ட், மான்டிகோ பேயில் விமான ஓடுபாதையின் அருகே பாழடைந்து கிடந்த பே ராக் ஹோட்டலை வாங்கிச் சீர்திருத்தி, 1981-இல் ஸாண்டல்ஸ் என்று திறந்தார். தலைக்கு மேல் விமானங்கள் இரைந்துகொண்டு போவது ஒரு குறையாயிற்றே என்றதற்கு, விமானம் போகும்போதெல்லாம் காதலர்கள் கையசைத்து முத்தமிட்டுக்கொள்ள வேண்டும் என்று அதையே ஒரு விளையாட்டாக்கியதாகச் சொல்வார்கள். மனிதர் வியாபாரத்தில் கெட்டிக்காரர். 2021-இல் அவர் காலமானபோது அவருடைய விடுதிகள் கரீபியத் தீவுகள் பலவற்றில் பரவியிருந்தன.

மதில், ஒரே கட்டணம், முன்பணம் ஆகிய மூன்றையும் இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் அவற்றின் பொருத்தம் புலப்படும். வெளியே கலவரம் என்று அஞ்சுகிறவனுக்கு, வெளியே போகவே வேண்டாம் என்பது ஆறுதல். அந்நியச் செலாவணிக்கு அரசாங்கம் கட்டுப்பாடு விதித்திருந்த காலத்தில், விருந்தினரின் டாலர் அவருடைய ஊரிலேயே வசூலாகிவிடுவது முதலாளிக்கு ஆறுதல். இந்த இரண்டு ஆறுதல்களின் மேல்தான் காதல் என்னும் சித்திரம் தீட்டப்பட்டது.

இனிக் கணக்கின் உட்புறம். 1998-ஆம் ஆண்டில் ட்ரேஸன் ப்ரெலெக், ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்னும் இரு அறிஞர்கள் மார்க்கெட்டிங் சயன்ஸ் என்னும் ஆராய்ச்சிச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் அவர்கள் ஜனங்களிடம் கேட்ட கேள்விகளில் ஒன்று நமக்கு நேராகப் பயன்படுவது. 1,200 டாலர் செலவில் கரீபியத் தீவுகளில் ஒரு வாரம் தங்கப் போகிறீர்கள். மாதம் 200 டாலராக ஆறு மாதம் முன்னரே கட்டிவிடுவீர்களா, போய் வந்த பின் கட்டுவீர்களா? துணி துவைக்கும் இயந்திரம் ஒன்றைக் குறித்தும் இதே வினா. வட்டி விவகாரம் தெரிந்த எவனும் இரண்டுக்கும் பின்னால் கட்டுவதே லாபம் என்பான். ஆனால் பெரும்பாலோர் இயந்திரத்துக்குப் பின்னாலும் விடுமுறைக்கு முன்னாலும் கட்டவே விரும்பினார்கள். இயந்திரம் பல்லாண்டு உழைக்கும். கடன் கட்டும்போதெல்லாம் அது கண்ணெதிரே ஓடிக்கொண்டிருக்கும். விடுமுறையோ கழிந்து போவது. கழிந்து போன இன்பத்துக்குக் கடன் கட்டுவது மனத்துக்குக் கசப்பு. முன்னாலே கட்டியாயிற்று என்றால், கட்டிய துன்பம் மறந்து, அனுபவிக்கும் வேளையில் யாவும் இலவசம் போலத் தோன்றும்.

நம் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தவன் இன்னொரு அப்பளத்துக்கு விலை கேட்பதில்லை. இங்கேயும் விருந்தினர் அப்படித்தான் அமர்கிறார், ஆனால் மொய்யை வாசலிலேயே, அதுவும் நிர்ணயித்த தொகையாக, வாங்கிக்கொண்டு விடுகிறார்கள். விடுதிக்காரருக்கு இதில் நஷ்டம் வராதா என்று கேட்கத் தோன்றும். முதல் இரண்டு நாள் விருந்தினர் ஆவேசமாகக் குடிப்பார். நாலாம் நாள் இளநீர் கேட்பார். ஒருவர் பத்துக் குவளை அருந்தினால் இன்னொருவர் ஒன்றோடு நிறுத்துவார். சராசரி அதிகம் மாறுவதில்லை. உள்ளூரிலேயே வடிக்கிற ரம்மின் அடக்கவிலை சொற்பம். எத்தனை பேர் இன்று இரவு சாப்பிடுவார்கள் என்பது காலையிலேயே திட்டமாகத் தெரியும் என்பதால் சமையலறையில் விரயம் குறையும். கணக்கெழுதவும் காசு வாங்கவும் ஆள் வேண்டியதில்லை. பணம் மாதங்களுக்கு முன்பே கைக்கு வந்துவிடுகிறது.

ஆனால் இந்த ஏற்பாட்டின் மிக முக்கியமான விளைவு விடுதிக்கு வெளியே நிகழ்கிறது. சாலையோரத்தில் ஒருவன் பிமென்டோ விறகின் புகையில் கோழியை வாட்டி, துண்டு துண்டாக வெட்டிக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறான். விலை சில நூறு ஜமைக்கா டாலர். அமெரிக்கக் கணக்கில் அற்பம். ஆயினும், உள்ளே இரவு உணவுக்கு ஏற்கெனவே பணம் கட்டிவிட்ட தம்பதிக்கு இது இரண்டாம் முறை கட்டுகிற பணம். உள்ளே விலை சூனியமானதால் வெளியே உள்ள அற்ப விலையும் அநியாயமாகத் தோன்றுகிறது. ஆகையால் அவர்கள் வெளியே போவதில்லை. போகக் கூடாதென்று எவரும் தடுக்கவில்லை. வாசல் திறந்தே இருக்கிறது. டாக்ஸியும் கூப்பிட்டால் வரும். மதிலைக் காட்டிலும் உறுதியான காவல் இந்தக் கணக்கு. மான்டிகோ பேயின் பழைய உணவுக்கடைக்காரர்களும், கைவினைப் பொருள் விற்கும் பெண்களும், டாக்ஸிக்காரர்களும் இந்த விடுதி முறையின் மேல் பல்லாண்டாகச் சொல்லிவருகிற குறையின் சாராம்சம் இதுதான்.

உள்ளே ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று சற்று அருகிருந்து பார்ப்போம். பல விடுதிகளில், வந்த அன்று விருந்தினரின் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டப்படுகிறது. கத்தரிக்கோல் கொண்டுதான் அதைக் கழற்ற முடியும். பட்டையே சாவி, பட்டையே பணப்பை. காலை ஏழு மணிக்கே, துண்டுகளை நீச்சல் குளத்தருகே உள்ள சாய்வு நாற்காலிகளின் மேல் விரித்து இடம் பிடித்துவிட்டுப் படுக்கைக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. எல்லாம் இலவசமான இடத்திலும் நிழலுக்குப் பஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. குளத்துக்குள்ளேயே மார்பளவு நீரில் ஒரு பார். கல்லால் ஆன முக்காலிகள் தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கும். நனைந்த கையோடு நீட்டினால் ரெட் ஸ்ட்ரைப் பீர் வரும்.

பஃபே மேசையைப் பார்க்கிறவர் சரித்திரம் படித்தவராயின் சிறிது நேரம் அங்கேயே நின்றுவிடுவார். காலை உணவுக்கு ஆக்கியும் உப்பு மீனும்: ஆக்கி மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரத்தின் கனி, உப்பு மீனோ கரும்புத் தோட்டத்து அடிமைகளுக்கு மலிவாகப் படியளப்பதற்கென்று வட அட்லாண்டிக் கடலிலிருந்து பீப்பாய்களில் வந்த பண்டம். அருகில் வறுத்த ஈரப்பலா. அதுவும் அடிமைகளின் உணவுக்காகவே காப்டன் பிளை 1793-இல் கப்பலில் கொண்டு வந்து சேர்த்த பயிர். மதியத்துக்கு ஆட்டுக்கறிக் குழம்பு. மஞ்சளும் மல்லியும் மணக்கிற அது, 1845 மே மாதத்தில் ப்ளண்டெல் என்னும் கப்பலில் கல்கத்தாவிலிருந்து ஓல்ட் ஹார்பர் பேயில் வந்திறங்கிய இந்தியக் கூலிகளும், அவர்களைத் தொடர்ந்து வந்தவர்களும் அத்தீவுக்குக் கொடுத்தது. கரும்புத் தோட்டங்களின் முந்நூறு வருஷச் சரித்திரம் வெள்ளித் தட்டுகளில் ஆவி பறக்க வைக்கப்பட்டிருக்கிறது. மான்டிகோ பேயை அடுத்த ரோஸ் ஹால் பண்ணை நிலத்தின் மேலேயே இன்று பெரிய ஹோட்டல்கள் நிற்கின்றன. அப்பண்ணையின் மாளிகை விவாகங்களுக்கு வாடகைக்குக் கிடைக்கிறது. 1831-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் வாரத்தில் இப்பிரதேசத்து அடிமைகள் செய்த பெரும் கிளர்ச்சியின் தலைவர் சாம் ஷார்ப் தூக்கிலிடப்பட்டதும் மான்டிகோ பேயில்தான். நகரத்து நடுச் சதுக்கம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. விடுதிப் பேருந்து அந்தச் சதுக்கத்தின் வழியாகப் போவதில்லை.

இத்தம்பதியரைச் சூழ்ந்து உழைப்பவர்கள் எத்தனை பேர் என்பது விருந்தினருக்குத் தோன்றாதபடி இருப்பதுதான் அவர்கள் உழைப்பின் ஒரு பகுதி. பிரபல தம்பதியர் விடுதிகளில் ஊழியருக்குச் சன்மானம் கொடுப்பது விலக்கப்பட்டிருக்கிறது. அறைக்கென்று நியமிக்கப்பட்ட பட்லர் போன்ற சிலருக்கு மட்டும் விதிவிலக்கு. விருந்தினருக்கு இது பெரிய நிம்மதி, ஏனெனில் விலை என்பதன் கடைசி நிழலும் அகன்று விடுகிறது. ஊழியரின் பக்கமிருந்து பார்த்தால் காட்சி வேறு. புன்னகைக்குத் தனியே கூலி கிடைத்துக்கொண்டிருந்த தொழிலில், புன்னகை சம்பளத்துக்குள் அடங்கிவிட்டது. ஆர்லி ஹாக்‌ஷீல்ட் என்னும் சமூகவியலாளர் 1983-இல் விமானப் பணிப்பெண்களைக் குறித்து எழுதிய நூலில், உள்ளத்து உணர்ச்சியையே உழைப்பாக விற்க நேர்கிற தொழில்களை விரிவாக ஆராய்ந்தார். தம்பதியர் விடுதியில் அவ்வுழைப்புக்கு ஒரு விசேஷம் சேர்கிறது. ஆறு மைல் தள்ளி மலைச்சரிவில் தன் குழந்தைகளைத் தாயாரிடம் ஒப்படைத்துவிட்டு வருகிற பெண், குழந்தைகளே இல்லாத உலகம் ஒன்றை நாள் முழுதும் துடைத்துப் பெருக்கி வைத்திருக்கிறாள். 2024-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் மேற்குக் கரையின் சில பெரிய ஹோட்டல்களில் ஊழியர்கள் ஊதியத்தையும் பணி ஒப்பந்தங்களையும் முன்னிட்டு வேலையை நிறுத்தி வாசலுக்கு வந்தபோதுதான், அவர்கள் எத்தனை பேர் என்பது விருந்தினர் பலருக்கு முதன்முதலாகத் தெரிந்திருக்க வேண்டும்.

தம்பதி யார் என்பதை நிர்ணயிக்கிற அதிகாரமும் விடுதிக்காரரிடமே இருந்தது. ஸாண்டல்ஸ் நெடுங்காலம் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக வருகிறவர்களை மட்டுமே ஏற்றது. கண்டனங்கள் வலுத்த பிறகு 2004-இல் அவ்விதி கைவிடப்பட்டது. விவாகச் சான்றிதழை எவரும் கேட்பதில்லை. இல்லாதவர்களுக்கு அதைச் சம்பாதித்துக் கொடுக்கவும் விடுதி சித்தமாக இருக்கிறது: தீவில் கால் வைத்து இருபத்துநான்கு மணி நேரம் ஆகிவிட்டால் அந்நியர் அங்கே விவாகம் செய்துகொள்ள அரசாங்க அனுமதி கிடைக்கும். மணலில் ஒரு பந்தல், ஒரு சமய அதிகாரி, ஒரு கேக், இரண்டு சாட்சிகள். சாட்சிக்கு ஆள் இல்லையென்றால் ஊழியர் இருவர் கையெழுத்திடுவார்கள். உற்றார் உறவினர் ஐந்நூறு பேருக்குச் சோறு போடுவதை விவாகம் என்று எண்ணுகிற நமக்கு இது விநோதமாகப் படும். குழந்தைகளோடு வர விரும்புகிறவர்களையும் அதே ஸாண்டல்ஸ் கைவிடவில்லை. 1997-இல் அவர்களுக்கென்று பீச்சஸ் என்று தனிப் பெயரில் வேறு விடுதியைத் திறந்தது.

கடைசியாக, கடற்கரை. நெக்ரிலில் உள்ளது ஏழு மைல் கடற்கரை என்று பெயர் பெற்றது. நிஜ நீளம் அதைவிடக் குறைவு, ஆனால் ஏழு என்பது காதுக்கு இனிமை. அதன் ஓரத்தில் மரச்சிற்பங்களும் மணிமாலைகளும் கற்றாழை மடலும் விற்கிறவர்கள் நடந்துகொண்டேயிருப்பார்கள். விடுதியின் எல்லையில் சீருடைக் காவலர் ஒருவர் நிற்பார். விற்பவன் கால் நனைகிற ஈர மணலில் நின்று குரல் கொடுப்பான்; உலர்ந்த மணலுக்கு ஏறினால் காவலர் ஓரடி முன்னே வருவார்; வாங்க விரும்புகிற விருந்தினர் எழுந்து கோட்டருகே போக வேண்டும். போகிறவர் சிலரே. மணிக்கட்டுப் பட்டையோடு கடற்கரைக்கு வருகிறவரிடம் கைப்பணம் இராது என்பது விற்பவனுக்கும் தெரியும்.

அந்த உலர்ந்த மணல் யாருடையது? 1956-ஆம் ஆண்டு, பிரிட்டிஷ் ஆட்சி இன்னும் நீங்காத காலத்தில் இயற்றப்பட்ட கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஜமைக்காவில் அலை ஏறி இறங்கும் கரைப்பகுதியின் உரிமை முழுவதையும் அரசுக்கே உரியதாக்கி, அதை உபயோகிக்க அனுமதிப் பத்திரம் வழங்கும் அதிகாரத்தையும் ஏற்படுத்தியது. கடலில் குளிப்பதற்குப் பொதுஜனங்களுக்குள்ள பொதுவான உரிமை எதையும் அச்சட்டம் சொல்லவில்லை. மீனவர்களின் பழைய வழக்கங்களுக்கு மட்டும் சிறிது இடம் விட்டது. ஹோட்டல் வைப்பவர் கரையை ஒட்டிய நிலத்தை வாங்கி, அனுமதிப் பத்திரமும் பெற்றுவிட்டால், தீவில் பிறந்தவன் தன் கடலுக்குப் போகிற வழி அடைபட்டுப் போகும். சுதந்திரம் 1962-இல் வந்தது. அந்தச் சட்டம் அப்படியே தங்கிவிட்டது.

கரையையே தின்னுகிற இன்னொரு காரியமும் நடக்கிறது. ஆழமற்ற நீரில் வளர்கிற கடற்புல் குளிப்பவரின் பாதத்தில் உரசுகிறது என்பதற்காக விடுதிக்காரர்கள் அதை அகற்றிய இடங்கள் உண்டு. அந்தப் புல்லும் பவளப்பாறையுமே அலையின் வேகத்தைத் தணித்து நெக்ரில் மணலைக் காப்பவை என்பதை ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தார் 2010-இல் அங்கேயே செய்த ஆய்வு எடுத்துக் காட்டியது.

விடுதிகளால் நாட்டுக்கு நன்மையே இல்லை என்பது வாதமன்று. பல்லாயிரவர் பிழைக்கிறார்கள், வரி வருகிறது, உள்ளூர் விவசாயிகளிடமிருந்து தர்ப்பூசணியும் தக்காளியும் வாங்கும் திட்டங்களை ஸாண்டல்ஸ் முதலிய நிறுவனங்கள் 1990-களிலிருந்தே நடத்திவருகின்றன. ஸாண்டல்ஸ், கப்பிள்ஸ் ஆகிய இரு நிறுவனங்களின் முதலாளிகளும் ஜமைக்கர்களே என்பதையும் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் வந்து நூற்றுக்கணக்கான அறைகள் கொண்ட மாளிகைகளை எழுப்பிய ஸ்பானிய ஹோட்டல் குழுமங்களைக் குறித்து அப்படிச் சொல்வதற்கில்லை. ஆனால் வெளியூரில் வசூலாகிற பணத்தில் எவ்வளவு தீவுக்குள் வருகிறது என்பது விருந்தினருக்கும் தெரியாது, ஊராருக்கும் தெரியாது. விலையை மறைத்ததன் இன்னொரு பலன் இது.

ஊராருக்கு விடுதிகள் முற்றும் கதவடைத்துவிடவில்லை. ஒரு நாள் சீட்டு என்றொன்று உண்டு. காலையில் வந்து, குறித்த தொகையைக் கட்டி, பட்டை அணிந்துகொண்டு, மாலை வரையில் உண்டு குடித்து நீந்திவிட்டுப் போகலாம். தொகை பெரும்பாலும் அமெரிக்க டாலரில் குறிக்கப்பட்டிருக்கும். மதிலுக்குள் விலையே இல்லாத அந்தக் கடற்கரைக்கு, மதிலுக்கு வெளியே பிறந்தவனிடம் மட்டும் விலை சொல்லப்படுகிறது.

இப்போது ஜமைக்கா நீதிமன்றங்களில் இதைக் குறித்து வழக்குகள் நடக்கின்றன. கடற்கரை தங்கள் பிறப்புரிமை என்று கிளம்பியிருக்கிற ஓர் இயக்கத்தாரும் கரையோரக் கிராமவாசிகளும் மாமி பே, புளூ லகூன் முதலிய இடங்களைக் குறித்து வழக்காடுகிறார்கள். அவர்கள் ஆதாரமாகக் காட்டுவது 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தைவிட மூத்த ஒரு சட்டத்தை: 1882-இல் இயற்றப்பட்ட அனுபோக உரிமைச் சட்டம். ஒரு கடற்கரையைப் பொதுஜனங்கள் இருபது வருஷம் தடையின்றிக் குளிப்பதற்கோ மீன் பிடிப்பதற்கோ அனுபவித்து வந்திருந்தால் அந்த அனுபவமே உரிமையாகிவிடும் என்று அது சொல்கிறது. ஆகவே, இன்ன வருஷம் முதல் இன்ன வருஷம் வரையில் தினந்தோறும் இந்த வழியாகத்தான் கடலுக்குப் போனோம், எவரும் தடுக்கவில்லை, எவருக்கும் காசு கொடுக்கவில்லை என்று சொல்லக்கூடிய கிழவர்களையும் கிழவிகளையும் வழக்கறிஞர்கள் தேடிப் பிடித்து வாக்குமூலம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.